ஐம்பத்தொரு ரூபாய் அங்கமுத்து

அத்தியாயம் 5

"நிறுத்தாதே. நேரே உள்ளே விடு" என்றார் கைலாசம்.

சின்னராஜ் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. மில் கேட்டுக்குக் குறுக்கே இரண்டு காவலாட்கள் மூங்கில் தடியோடு நின்றார்கள். அவர்களில் ஒருவன் பழைய ஃபோர்டு காரின் விளக்குக் கண்ணாடியைத் தடி நுனியால் தட்டினான்.

"இங்க வேலை ஒண்ணும் காலியில்ல. திருப்புங்க."

"வேலை கேக்கக் கார்ல வாரவனை நீ எங்கேப்பா பார்த்தே?" என்றான் சின்னராஜ். "ஆளைக் காட்டு. நானும் அவன்கிட்டத் தொழில் கத்துக்கறேன்."

காவலாள் சிரிக்கவில்லை. கைலாசம் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அதில் பாவாயி அம்மாளின் கையெழுத்து இருந்தது. மில்லில் சரிபாதிப் பங்கு அந்த அம்மாளுடையது. தடி மெதுவாக விலகியது.

சின்னராஜுக்கு வயது முப்பத்தெட்டு. சேலம்–ராசிபுரம் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்துவிட்டு, வாய்த்துடுக்கால் வேலையை இழந்தவன். கைலாசம் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலதிகாரி எழுதிய ஒரு பொய்யில் கையெழுத்துப் போட மறுத்து வெளியே வந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து செவ்வாய்ப்பேட்டையில் துப்பறியும் ஆபீஸ் திறந்து மூன்று வருஷம் ஆகிறது.

முந்தின நாள் காலை பாவாயி அம்மாள் அந்த ஆபீஸுக்கு வந்து, ஒரு பச்சைத்தாள் நோட்டீஸை மேஜைமேல் போட்டார். மாகாணத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. சிறு ஜமீனுக்குச் சொந்தக்காரரான மிட்டாதார் ஒருவர் நிற்கிறார். அவருக்கு மில் தொழிலாளர்கள் "மனமுவந்து அளித்த தேர்தல் நிதி" என்று போட்டு, கீழே பெயர்கள் அச்சாகியிருந்தன.

"ஆறணா கூலிக்காரன் முழுசா ஒரு ரூவாயை எடுத்து நீட்டுனானாம். மனசாரக் குடுத்தானா, புடுங்கினாங்களான்னு எனக்குத் தெரியோணும். மில்லை நடத்தறது எங்க கொழுந்தனாரு. கேட்டா எம் மேலயே எரிஞ்சு விழுகறாரு" என்றார் அந்த அம்மாள்.

"வரி கட்டாததால ஓட்டே இல்லாதவங்க எல்லாரும் தேர்தலுக்கு நிதி குடுத்திருக்காங்க. பஸ்ஸே இல்லாத ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி" என்று சின்னராஜ் அப்போதே சொன்னான்.

கைலாசத்தின் விரல் கடைசிப் பெயரில் நின்றது. இருநூற்று எழுபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு ரூபாய். மானேஜர் தனியாக இருபத்தைந்து. எல்லாவற்றுக்கும் கீழே, "அங்கமுத்து, சென்றாயன் மகன், நாமகிரிப்பேட்டை. ரூ. 51."

அந்த ஐம்பத்தொரு ரூபாய் மனிதனைப் பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறார்கள்.

பாவாயி அம்மாளின் கொழுந்தனார்தான் மானேஜர் கருப்பண்ணன். அவர் வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. பித்தளை டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே கடிதத்தைப் படித்தார். மூலையில் கணக்குப்பிள்ளை ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணி இனி வீட்டுக்கு வீடு ஆள் அனுப்புவாங்க போலிருக்குது. மனமுவந்து குடுத்தாங்கன்னு அச்சுல போட்டிருக்குது. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும். கடைசிப் பேர்தான் விளங்கலே. அங்கமுத்து. உங்களைவிட ரெண்டு பங்கு குடுத்திருக்கார். அவரைப் பார்க்கணும்."

"பாருங்க, யாரு வேண்டாங்கறது?" கருப்பண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனபடியே திரும்பினார். "ஏனுங்க பிள்ளை, அங்கமுத்துங்கறது எந்த ஷிப்டு ஆளு?"

கணக்குப்பிள்ளையின் பேனா நின்றது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நூத்திப் பதினாலுங்க" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

டம்ளர் மேஜையில் இடித்து உட்கார்ந்தது. காப்பி பாதி கடிதத்தின்மேல் கொட்டியது.

"அவனா?" என்றார் கருப்பண்ணன். கடிதத்திலிருந்த காப்பியைக் கையால் வழித்தார். பிறகு வேகமாகப் பேசினார். "அவன் திருட்டுப்பய. பித்தளைச் சாமானையெல்லாம் தூக்கிட்டுப் புரட்டாசியில ஓடிட்டான். போலீஸ்ல எழுதி வெச்சிருக்குது."

"நல்ல திருடனா இருக்கானே" என்றான் சின்னராஜ். "மில்லுல எடுத்ததை வித்து, மில்லு முதலாளி சொன்ன ஆளுக்கே நிதியாக் குடுத்துட்டான். இப்படி ஒருத்தன் எனக்குக் கெடைச்சிருந்தா நான் பஸ் கம்பெனி வெச்சிருப்பேன்."

"வெளியே போங்க. ரெண்டு பேரும். இன்னொரு தடவை இந்தக் கேட்டுக்கிட்டப் பார்த்தேன், காலோட திரும்பமாட்டீங்க."

அறைக்கு வெளியே வந்ததும் உள்ளே அவர் கணக்குப்பிள்ளையை வைவது கேட்டது. "மேஸ்திரி குடுத்த சீட்டைத்தானுங்க எழுதினேன்" என்று கணக்குப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கவனிச்சியா?" என்றார் கைலாசம் நடந்துகொண்டே. "பேரைச் சொன்னப்போ அந்த ஆள் முகத்துல ஒண்ணுமே இல்லே. நம்பரைச் சொன்னதும் காப்பி கொட்டிப்போச்சு. இங்கே ஆளுக்குப் பேர் கிடையாது. நம்பர்தான். அதனாலேதான் இந்தப் பேர் அவர் கண்ணுக்கு எதிர்லேயே தாண்டி அச்சுக்குப் போயிருக்கு."

"யாரு தாண்ட விட்டாங்க?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

கேட்டை ஒட்டி நீளமான ஓட்டுக் கொட்டகை இருந்தது. தொழிலாளர்கள் சோற்றுத் தூக்குப்போசிகளை மாட்டி வைக்கும் இடம். மரச்சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொன்றின் கீழும் சுண்ணாம்பில் நம்பர் எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆணி கிடையாது போலிருக்கிறது. ஒரே ஆணியில் இரண்டு, மூன்று போசிகள் இடித்துக்கொண்டு தொங்கின. இடம் கிடைக்காத போசிகள் தரையில் எறும்புக்கு நடுவே இருந்தன. நூற்றுப் பதினாலாம் ஆணி மட்டும் காலியாக இருந்தது.

"திருடனுக்கு ரிசர்வு பண்ணி வெச்சிருக்காங்க" என்றான் சின்னராஜ்.

கைலாசம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லுக்குப் பின்னால் தொழிலாளர் குடிசைகள். அங்கே அவர்கள் அங்கமுத்து என்ற பெயரைச் சொன்ன இடமெல்லாம் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்த் தொட்டியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. நாற்பது வயதிருக்கும். தலைமயிரில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. பழனியம்மாள் என்று யாரோ கூப்பிட்டதைச் சின்னராஜ் கேட்டிருந்தான்.

"ஏனுங்க, ஓட்டுக்கு வந்தீங்களா, உளவுக்கு வந்தீங்களா?" என்றாள்.

"ரெண்டும் இல்லேம்மா. அங்கமுத்துவை—"

"அப்படி ஒருத்தரும் இங்க இல்ல. உங்களாட்டத்தான் ஐப்பசியில ஒருத்தன் வந்தான், பேப்பர்ல எழுதறேன்னு. அவங்கிட்ட வாயைத் தொறந்த ரெண்டு பேருக்கு மக்யா நாளு விடியறப்பவே சீட்டுக் கிழிஞ்சுபோச்சு. மானேஜரு அனுப்புன ஆளு அவன். போயி உங்க எசமாங்கிட்டச் சொல்லுங்க, ஒருத்தரும் பேசலீன்னு."

அவள் குடத்துத் தண்ணீரை அவர்கள் காலடியில் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் காரின் பின் சக்கரத்தில் காற்று இல்லை. சின்னராஜ் அரை மணி நேரம் பம்பு அடித்தான். குடிசைச் சந்துகளிலிருந்து பல கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கை உதவிக்கு வரவில்லை.

"இவ்வளவு மரியாதை நான் கண்டக்டரா இருந்தப்பக்கூடக் கெடைச்சதில்லீங்க சார்" என்றான் மூச்சு வாங்க. "சேலத்துக்குத்தானே?"

"நாமகிரிப்பேட்டைக்கு" என்றார் கைலாசம். நோட்டீஸை மடியில் விரித்தார். "இருநூத்தி எழுபத்திரண்டு பேருக்கும் வெறும் பேர்தான் போட்டிருக்கு. அப்பன் பேரும் ஊர்ப்பேரும் இவன் ஒருத்தனுக்குத்தான். நிதிப் பட்டியல்லே எதுக்கு விலாசம்? யாரோ நம்மளை அங்கே போகச் சொல்றாங்க, சின்னராஜு."

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. எந்தக் காட்டைப் பார்த்தாலும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். சென்றாயன் வீட்டுக்கு வழி கேட்டபோது டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "திருட்டுப்பயன் ஊடா?" என்று கேட்டுவிட்டு, ஊருக்கு வெளியே தெரிந்த ஒரு கூரையைத் தாடையால் காட்டினார்.

ஊரே மஞ்சள் காட்டில் இருந்தபோது சென்றாயன் தன் வாசலில் வேலிமுள் கழித்துக்கொண்டிருந்தார். கார் நின்றதும் அரிவாளோடு எழுந்தார்.

"வந்த வழியே போயிருங்க. போலீசு நாலு தடவை ஊட்டைக் கொட்டிக் கவுத்துப் பார்த்தாச்சு. பித்தளையும் இல்ல, பையனும் இல்ல."

"நாங்க போலீஸ் இல்லே, பெரியவரே."

"எவனா இருந்தா எனக்கென்ன? மணியக்காரரு திருடன் ஊட்டு ஆளுக்கு வேலை குடுக்காதீங்கன்னு சொல்லிப்போட்டாரு. நாலு மாசமா நாங்க ரெண்டு சீவன் கஞ்சி குடிக்கறோமா இல்லியான்னு கேக்க நாதியில்ல. இன்னும் என்ன பண்ணோணும் உங்களுக்கு?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சின்னாயி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எம் பையனைப் பார்த்தீங்களா, சாமி?"

கைலாசம் நோட்டீஸை எடுத்து, கடைசி வரியைப் படித்துக் காட்டினார். ஐம்பத்தொரு ரூபாய் என்று கேட்டதும் சென்றாயன் தரையில் துப்பினார்.

"பார்த்தியா? பெத்தவ இங்க பட்டினி கெடக்கறா. அவன் மிட்டாதாருக்கு அள்ளிக் குடுக்கறான். திருட்டுக் காசு, திருட்டுப் புத்தி."

சின்னாயி அவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப நல்லாத்தான் இருக்கறான்" என்றாள். "குடுக்கற அளவுக்கு நல்லா இருக்கறான்."

கைலாசம் வாய் திறக்காமல் நின்றார். அந்த மௌனம் சின்னராஜுக்குத் தாங்கவில்லை. மௌனம் வந்தால் எதையாவது சொல்லி நிரப்புவது அவன் பழக்கம். நோட்டீஸை வாங்கிப் பார்த்தான்.

"அதென்ன ஐம்பத்தொண்ணு? மொய் எழுதின மாதிரி" என்றான். "ஐம்பத்தொரு ரூவாய்க்கு எண்ணூத்திப் பதினாறு அணா. இருநூத்தி எழுபத்திரண்டு பேரு… ஆளுக்கு மூணணா. மல்லூர்–ராசிபுரம் டிக்கெட்டு மூணணாதான். சில்லறைகூட மிஞ்சாம—"

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். பதினோரு வருஷம் அணாக்களிலேயே ஓடிய மூளை, நாக்கு அசைவதற்கு முன்பே பெருக்கி முடித்திருந்தது. முடித்தபிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கு உறைத்தது. இருநூற்று எழுபத்திரண்டு பேரும் ஆளுக்கு மூன்றணா போட்டிருக்கிறார்கள், ஒருத்தன் பெயரில். கதவைச் சாத்தியவர்கள், சக்கரத்தில் காற்றைப் பிடுங்கியவர்கள், எல்லோரும்தான். சோற்றைத் தரையில் வைத்துக்கொண்டு ஓர் ஆணியைக் காலியாக விட்டவர்கள் அவர்கள்தான்.

அவன் கைலாசத்தைப் பார்த்தான். கைலாசம் மெதுவாகத் தலையை அசைத்தார். அவருக்கு அந்தக் கொட்டகையிலேயே தெரிந்துவிட்டது என்று சின்னராஜுக்கு அப்போது புரிந்தது.

"அவுங்க எதுக்குச் சாமி போட்டாங்க?" என்றாள் சின்னாயி. "அவன் குடுக்கலியா?"

கைலாசம் நோட்டீஸை வாங்கி மடித்தார்.

"அவன் இல்லியா?"

சென்றாயன் கையிலிருந்த அரிவாள் நழுவி முள் குவியலில் விழுந்தது. சின்னாயி நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். பேச்சுக்குப் பிறந்தவன் என்று பெயரெடுத்த சின்னராஜ், தன் வாயை அறுத்து எறியலாம் போல நின்றான்.

"இல்லீங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவன் திருடவும் இல்ல, ஓடவும் இல்ல."

பழனியம்மாள் நின்றிருந்தாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து ஓடி வந்ததில் முந்தானை புழுதியாகியிருந்தது.

"நீங்க மானேஜரு ஆளா இருந்தா சேலத்துக்குத் திரும்பியிருப்பீங்க" என்றாள் கைலாசத்திடம். "இந்தப் பக்கம் திரும்புனதைப் பார்த்துத்தான் வந்தேன்."

பிறகு சின்னாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"புரட்டாசி மூணாஞ் சனிக்கெழமைங்க. மெசின் பெல்ட்டு வேட்டியைப் புடிச்சு இழுத்துருச்சு. மூடி போடோணும்னு பாக்டரி இன்ஸ்பெக்டரு முன்னமே எழுதிக் குடுத்திருந்தாராம். போடலீங்க. மேல தூக்கி அடிச்சதுல அப்பவே உசுரு போயிருச்சு. வலின்னு ஒரு சத்தம் போடலீங்கம்மா, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நாப்பது பேரு பார்த்துட்டு நின்னோம். வெளிய தெரிஞ்சா மில்லை மூடோணும், நஷ்ட ஈடு குடுக்கோணும்னு பஞ்சு வண்டியில போட்டு, மேல சாக்கை மூடி எங்கியோ கொண்டுபோயிட்டாங்க. வாயைத் தொறந்தா பித்தளைத் திருட்டுல கூட்டாளின்னு உள்ள போவீங்கன்னாங்க. எங்க அல்லாருக்கும் புள்ளைகுட்டி இருக்குதுங்க."

சின்னாயி அழவில்லை. பழனியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையில ஆளுக்கு ஒரு ரூவா கூலியில புடிச்சாங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்கல. பேரு அச்சுல வரும், சேலத்துலேர்ந்து நாமக்கல் வரைக்கும் செவுத்துல ஒட்டுவோம்னு பெருமையாச் சொன்னாங்க. அச்சுல வந்தா எவனாச்சும் ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டானான்னு எனக்குத் தோணுச்சு. மானேஜரு குடுத்ததைவிடப் பெரிய தொகையா இருந்தாத்தானே கண்ணுல படும்? ராவெல்லாம் போயி ஊடு ஊடாக் கேட்டேன். ஒருத்தரும் இல்லீன்னு சொல்லலீங்கம்மா. புடிச்சது ஒரு ரூவா. நாங்களாக் குடுத்தது அந்த மூணணாதான்."

சென்றாயன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது. நாலு மாதமாக மகனைத் திட்டித் திட்டியே அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார் என்று சின்னராஜுக்குத் தோன்றியது.

"இதைப் பாக்டரி இன்ஸ்பெக்டர் முன்னாலே சொல்வியாம்மா?" என்றார் கைலாசம். "சொன்னா வேலை போகும்."

"போயிருச்சுங்க. ஷிப்டுக்குப் போகாம இங்க வந்துட்டேனில்ல."

ஐந்து பேரோடு ஃபோர்டு சேலத்தை நோக்கித் திரும்பியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வழியெல்லாம் சின்னராஜ் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

மில்லுக்கு எதிரே ரோட்டை அடைத்து இரண்டு பஞ்சு வண்டிகள் நின்றன. வண்டிக்கு முன்னால் ஏழெட்டுத் தடிக்காரர்கள். நடுவில் கருப்பண்ணன். பழனியம்மாள் பஸ் ஏறிப் போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"அந்தப் பொம்பளையை இறக்கி விட்டுட்டுப் போங்க" என்றார்.

"சர்க்கார் ரோடு இது" என்றார் கைலாசம்.

"கண்ணாடியை ஒடைங்கடா."

முதல் அடியில் முன் கண்ணாடி சிதறியது. ஒரு சில்லு சின்னராஜின் புருவத்தைக் கிழித்தது. அவன் கியரைப் போடுவதற்குள் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னாயி இறங்கிவிட்டாள். தடிகளுக்கு நடுவே நடந்துபோய்க் கருப்பண்ணன் முன்னால் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது. கேட் திறந்தது. காலை ஷிப்டு ஆட்கள் போசிகளோடு வெளியே வந்து, ரோட்டைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"நான் அவனைப் பெத்தவ" என்றாள் சின்னாயி. "எம் பையன் பேரு என்னங்க?"

கருப்பண்ணன் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். காலையில்தான் அந்தப் பெயரைக் கேட்டிருந்தார். அவர் உதடு அசைந்தது.

"நூத்திப்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

யாரும் கத்தவில்லை. கூட்டம் சும்மா நடந்து வந்தது. நூறு பேருக்குமேல் இருக்கும். தடிக்காரர்களைக் கையால் விலக்கிவிட்டுப் போய், மாடுகளை அவிழ்த்தார்கள். இரண்டு வண்டிகளையும் தள்ளிப் பள்ளத்தில் இறக்கினார்கள். தடிக்காரர்களில் ஒருவன் தடியை ஓங்கியபோது கூட்டத்திலிருந்த அவன் தம்பியே அந்தக் கையைப் பிடித்தான். பழனியம்மாள் சின்னாயியை அணைத்துக் கூட்டிவந்து காரில் ஏற்றினாள்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சின்னராஜ் காரை நகர்த்தினான். அப்போது யாரோ பக்கவாட்டில் ஓடி வந்தார்கள். கணக்குப்பிள்ளை. காதில் செருகிய பேனாவோடு, மூச்சு இரைக்க, கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் எடம் வேணுங்க."

"விலாசத்தை எழுதினது நீங்கதானே?" என்றார் கைலாசம்.

"ஆமாங்க. பழனியம்மா பேரும் காசும்தான் குடுத்துச்சு. அப்பன் பேரையும் ஊரையும் நான் சேர்த்தேன்." அவர் பின் சீட்டில் இருந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்ஸ்பெக்டர்கிட்ட என் பேரை மொதல்ல எழுதிக்குங்க. திருமணிமுத்தாத்துக் கரையில வெச்சு எரிச்சாங்க. வெறகுக்கு ரசீது போட்டது நான். தீ அணையற வரைக்கும் அங்கதான் நின்னேன். எடத்தைக் காட்டறேன்."

சின்னராஜ் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். சென்றாயன் அந்த மனிதனை நெடுநேரம் பார்த்தார். அவர் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"யாராச்சும் கொள்ளி வெச்சாங்களா?" என்றார் கடைசியில்.

"இல்லீங்க. நாந்தான் வெச்சேன்."

சென்றாயன் மனைவியின் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டார்.